வியாழக்கிழமை எடுக்கவிருந்த கன்னம்

அக்காவின் முகம் தொங்க ஆரம்பித்துவிட்டது என்ற செய்தியை வீட்டில் முதலில் சொன்னது அக்காதான். வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. படாததும் எங்கள் குற்றமாயிற்று.

"பாருடா. இங்க பாரு." இரண்டு காதுகளுக்கு முன்னாலும் விரலை வைத்துத் தோலை மேலே இழுத்தாள். "இது இழுத்தா." விட்டாள். "இது விட்டா. தெரியுதா?"

"இழுத்தா, யாரோ பின்னாடி நின்னு சடையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"உன்கிட்ட கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

குளியலறைக் கண்ணாடியில் தொடங்கியது, பீரோக் கண்ணாடிக்கு வந்து, அணைத்து வைத்த டிவிக்கும் குழம்புக் கரண்டியின் முதுகுக்கும் பரவியது. எது பளபளத்தாலும் அதன் முன்னால் நின்று முகத்தை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு குறைகள். ஒன்று, கன்னம் உப்பியிருக்கிறது. இன்னொன்று, தாடை ஓரம் தளர்ந்து இறங்குகிறது. முதலாவது பிறவியிலேயே வந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அவளுக்குப் பன்னு என்று பெயர் வைத்தார்கள். வைத்த பெயர் பொருத்தமாக இருந்ததால் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இரண்டாவது, ஆறேழு மாதமாகத்தான். நாற்பது எட்டுவதற்குள் பன் கீழே இறங்குகிறது என்பது அவள் கட்சி.

எதிர்க்கட்சி மாமா. அக்காவின் கணவர். வண்டி மெக்கானிக். வீட்டுக்குக் கீழேதான் பட்டறை. சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனால் பாதி நாள் அங்கேதான். கால் இரண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்தக் கால்களிடம்தான் கேட்போம். எப்போதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய சைடு கண்ணாடியை நெஞ்சின் மேல் வைத்திருப்பார். எஞ்சின் சந்துகளுக்குள் வெளிச்சத்தைத் திருப்பிவிட அது உதவும். வேலை கொஞ்சம் ஓய்ந்தால் அதிலேயே மீசையை நீவிக்கொள்வார்.

"எனக்கு மட்டும் வயசே ஆக மாட்டேங்குது மச்சான்," என்று கால்களுக்கு அப்பாலிருந்து குரல் வரும். "என்ன காரணம்னே தெரியல."

அக்காவைவிட அவர் நன்றாகவே மூத்தவர். இந்த வசனம் காதில் விழுந்தால் அன்று சமையலறையில் பாத்திரங்கள் சத்தமாக இறங்கும்.

நான் அப்போது ராத்திரி வேலையை விட்டுவிட்டு அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். ஒரு கிடங்கில் உட்கார்ந்து கேமராத் திரைகளைப் பார்க்கும் வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பகலில் தூங்கிப் பழகிய உடம்பு பகலில் விழித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னை எடுபிடியாக வைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவள் கடைக்குப் போய் ஷட்டரை இழுத்துப் பூட்டி, அவளை வீட்டுக்கு அழைத்துவருவது என் பொறுப்பு.

அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளே வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் முகத்துக்கு எந்த ஃப்ரேம் என்று முடிவு செய்துவிடுவாள். வட்ட முகத்துக்கு மூலை வைத்த ஃப்ரேம். நீள முகத்துக்கு உயரமான ஃப்ரேம். கன்னம் பெருத்தவர்கள் என்றால் போட்டுவிட்டு, "கொஞ்சம் சிரிங்க சார்," என்பாள். சிரிக்கும்போது கன்னம் எழுந்து ஃப்ரேமைத் தூக்கினால், கழற்றி வாங்கி, மூக்கில் உட்காரும் பட்டன்களைக் குறட்டால் சற்று நெருக்கி மறுபடி போடுவாள். "உங்க சிரிப்புல தப்பு இல்ல சார். ஃப்ரேம்லதான் தப்பு." இதைக் கேட்டவர்கள் வாங்காமல் போனதில்லை.

முதலாளி அந்த வருஷம்தான் கடையைப் புதுப்பித்திருந்தார். பழைய மரக் கவுண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். மேல்தட்டு முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு ஃப்ரேமை வைத்தால் இரண்டாகத் தெரியும். பாதிச் சரக்கிலேயே கடை நிறைந்த மாதிரி இருக்கும். அவருக்குப் பரம சந்தோஷம். அக்காவுக்குத்தான் தொல்லை. வருகிறவர்கள் கை வைத்த இடமெல்லாம் ரேகை. காலையிலிருந்து கடை சாத்தும்வரை அதன் மேல் குனிந்து துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் குச்சி வந்தாள்.

குச்சி என்பது அக்காவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஒல்லி. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் குழி. பன்னும் குச்சியும் சேர்ந்தேதான் எங்கேயும் போவார்கள். படிப்பு முடிந்ததும் அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்துக் கூலிங் கிளாஸ் வாங்க வந்திருக்கிறாள். வந்தவளுக்குக் குழியைக் காணோம். முகம் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்ததாம்.

"அவளை எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சிருச்சுடா," என்றாள் அக்கா, அன்று நடந்து வரும்போது. "வாயைத் திறந்து கூப்பிடப் போறேன். அதுக்குள்ள அவ, 'அக்கா, அந்த பிரவுன் கலர் எடுங்க'ங்கிறா. அக்காவாம். என்னைவிட அவ மூணு மாசம் பெரியவ."

"கடையில எல்லாரும் எல்லாரையும் அக்காங்கிறதுதானே."

"விக்கிறவ வாங்குறவளை அக்கான்னா அது மரியாதை. வாங்குறவ விக்கிறவளை அக்கான்னா அது வயசு."

"நீ யாருன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? 'அடியே பன்னு, என்னடி இப்படி ஆயிட்டே'ன்னு அவ வாயால கேட்கணுமா?"

அடுத்த விடுமுறை நாளில் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒரு முக அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். மாமாவுக்குத் தெரியக் கூடாது என்பது நிபந்தனை.

காத்திருக்கும் அறையில் யாரும் பத்திரிகை படிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்து, இவர் எதற்கு வந்திருப்பார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். எதிரே இருந்த அம்மாள் என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் ஆலோசகர் கூப்பிட்டாள். சின்னப் பெண். கையில் டேப்லட். அக்காவைப் படம் பிடித்து, திரையில் விரலால் இரண்டு தடவை தடவினாள். அக்காவின் கன்னம் வற்றியது. தாடை கத்தி மாதிரி ஆனது.

"எப்படி இருக்கு மேடம்?"

அக்கா மூச்சு விடாமல் பார்த்தாள். எனக்கு அது அவள் ஒரு தடவை விஷக் காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம் மாதிரி இருந்தது. அப்போது வீட்டில் எல்லோரும் அழுதோம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா காலை மிதித்தாள்.

ஆலோசகர் ஓட்டல் சர்வர் மாதிரி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சூடு வைத்து இறுக்குவது இருக்கிறது, நூல் போட்டு இழுப்பது இருக்கிறது, ஊசி போட்டு நிரப்புவது இருக்கிறது, ஊசி போட்டுக் கரைப்பது இருக்கிறது, வாய்க்குள்ளே சின்னதாக வெட்டிக் கன்னக் கொழுப்பை எடுப்பது இருக்கிறது. சேர்த்து எடுத்தால் சலுகையும் இருக்கிறது.

"கடைசியா சொன்னது," என்றாள் அக்கா.

டாக்டர் அம்மா அவசரமில்லாதவர். அக்காவை நேராக உட்கார வைத்து, வெள்ளைப் பென்சிலால் முகத்தில் கோடு போட்டார். இந்தக் கோட்டை எப்போதும் உட்கார வைத்துத்தான் போடுவோம், படுக்க வைத்துப் போட்டால் தப்பாகிவிடும் என்றார். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. அவள் டாக்டரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஃப்ரேம் வலது பக்கம் இறங்கியிருக்கு டாக்டர்."

"அது கிடக்கட்டும். எப்ப இருந்து தொங்குதுன்னு தோணுது?"

"ஆறேழு மாசமா. திடீர்னு."

"திடீர்னு யாருக்கும் தொங்காதும்மா." டாக்டர் தாடை ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "தளர்வு இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆரம்பம்தான். வெயில்ல போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்க. எடையை ஏத்தி ஏத்தி இறக்காதீங்க. மனசு கேட்கலேன்னா சூடு வைக்கிற மெஷின் இருக்கு. கொஞ்சம் இறுகும், மெதுவாத்தான் தெரியும், ரொம்ப நாள் நிக்காது. நூல் உடனே தூக்கிக் காட்டும், அப்புறம் கரைஞ்சிரும். உங்களுக்கு இப்ப ரெண்டுமே அவசியம் இல்ல."

"கன்னத்தை எடுத்துடலாம்னு இருக்கேன்."

"எடுத்தா எடுத்ததுதான். அப்புறம் வேணும்னா கிடைக்காது." டாக்டர் பென்சிலை வைத்தார். "உங்க முகத்தை இப்பத் தாங்கிட்டு நிக்கிறதே அந்தக் கன்னம்தான். கூடாரம் தொங்குதுன்னு யாராவது கம்பத்தை உருவுவாங்களா? பத்து வருஷம் போனா கன்னம் ஒட்டிப்போய், இப்ப இருக்கிறதைவிட வயசாத் தெரியும். நான் செய்ய மாட்டேன்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டி டாக்டரின் கண்ணாடியை வாங்கினாள். காதில் மாட்டும் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் போட்டுப் பார்த்தார். நேராக இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். ஆனால் யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

வெளியே ஆலோசகர் காத்திருந்தாள். "கவலைப்படாதீங்க மேடம். வியாழக்கிழமைகள்ல வேற சர்ஜன் வருவார். அவர் செய்வார்."

அக்கா அடுத்த வியாழக்கிழமையைப் பிடித்தாள்.

வீட்டில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. வெட்டுவது வாய்க்குள். முகம் வீங்கும். சில நாளைக்குக் கஞ்சியும் சூப்பும்தான். இதெல்லாம் கடைவாய்ப்பல் பிடுங்கினாலும் நடப்பதுதானே. அன்று இரவுச் சாப்பாட்டின்போது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முனகினாள்.

"பல்லு வலிக்குதுங்க. வியாழக்கிழமை போய்ப் பிடுங்கிக்கலாம்னு இருக்கேன்."

"எந்தப் பல்லு?"

"இது." வலது பக்கம் காட்டினாள்.

"இப்ப இடது பக்கம் கையை வச்சிருந்தியே."

"வலி ஓரிடத்துல நிக்குதா."

மாமா கை கழுவிவிட்டுப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று அக்காவுக்குப் பெருமை. அந்தப் பெருமையில் வாசலில் உட்கார்ந்து வறுத்த கடலையை ஒரு கிண்ணம் தின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை மாமா கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். சட்டை மாற்றியிருந்தார்.

"கிளம்பு. நம்மகிட்ட வண்டி விடுற பல் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். வியாழக்கிழமை வரைக்கும் ஏன் வலியோட இருக்கணும்? இன்னைக்கே பிடுங்கிடுவார்."

"இப்ப வலி இல்லைங்க."

"வலி இல்லாதப்பதான் பிடுங்கணுமாம். மச்சான், நீயும் வா. பிடிச்சுக்க ஆள் வேணும்."

பல் டாக்டர் பருத்த மனிதர். சிரித்த முகம். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, காலால் ஒரு விசையை அழுத்தினார். நாற்காலி அக்காவை மெதுவாகப் பின்னால் சாய்த்து முழுசாகப் படுக்க வைத்தது. மேலே விளக்கு எரிந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"எங்கம்மா வலி?"

"எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட அவர் முகம் மலர்ந்தது. "இந்தப் பல்லு எனக்கு இருந்தா நான் கிளினிக்கைச் சாத்திட்டுக் கரும்பு தின்னுட்டு இருப்பேன். எதைப் பிடுங்கச் சொல்றீங்க? இந்தாங்க, நீங்களே பாருங்க. பின்னாடி லேசா ஒரு கறை. அவ்வளவுதான்." கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்.

அக்கா படுத்தபடியே அதை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

வாயை மூடினாள். பல்லை அவள் பார்க்கவே இல்லை. கண்ணாடியை இடது பக்கம் நகர்த்தினாள், வலது பக்கம் நகர்த்தினாள். நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் தாடை ஓரம் இறுக்கமாக, கன்னம் காதுப்பக்கம் ஒதுங்கி, கல்யாணத்துக்கு முந்தின அக்கா ஒருத்தி இருந்தாள்.

"டாக்டர், நாற்காலியைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார். பார்த்தாள்.

"இன்னும்."

நேராக உட்கார்ந்தாள். பார்த்தாள். பிறகு கண்ணாடியை மடியில் மல்லாத்தி வைத்து, அதன் மேல் குனிந்தாள். குனிந்தபடி வெகுநேரம் இருந்தாள்.

"மறுபடி படுக்க வைங்க."

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா, "வலி தலைக்கு ஏறிடுச்சு போல," என்றார்.

நாற்காலி இறங்கியது, ஏறியது, இறங்கியது. கடைசியில் அக்கா கண்ணாடியை டாக்டரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டேய். குனிஞ்சா கிழவி. படுத்தா குமரி." குரல் இறங்கியது. "அந்தக் கவுண்டர்டா. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அது மேல குனிஞ்சுதானே கிடக்கிறேன். அது வந்த பிறகுதானே எனக்குத் தொங்க ஆரம்பிச்சது."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். பிழைப்பே கண்ணாடியாக இருப்பவளுக்குக் கண்ணாடியைப் பார்க்கத் தெரியவில்லை. அதை அப்போது நான் சொல்லவில்லை. அவள் கையருகே பல் பிடுங்கும் சாமான்கள் இருந்தன.

வண்டியில் திரும்பும்போது மாமா சாலையைப் பார்த்தபடி கேட்டார். "இப்பச் சொல்லு. வியாழக்கிழமை என்ன?"

"பல்லுதாங்க."

"பல் வலிக்காரி வாசல்ல உக்காந்து ஒரு கிண்ணம் கடலை தின்னதை நான் பாக்கலேன்னு நினைச்சியா? கருகின கடலையைக்கூட விடல நீ."

அக்கா சொல்லிவிட்டாள். கன்னம், தாடை, குச்சி, அக்கா என்று கூப்பிட்டது எல்லாம். மாமா ஒரு திருப்பத்துக்கு விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பாமல் நேராகப் போனார். விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுத்ததைத் திரும்ப மாட்ட முடியுமா?"

"முடியாதாம்."

"அப்ப அதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல." கொஞ்ச தூரம் போனார். "உன் முகம். நீதான் சொல்லணும். ஆனா இனிமே பல்லுன்னு சொல்லாத. கஸ்டமர்கிட்ட என் மானம் போச்சு."

"காரணம் தெரிஞ்சா மட்டும் என்னங்க ஆச்சு? நேரா உக்காந்தாலும் கொஞ்சம் தொங்குதே. அந்த டாக்டரே ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கென்ன. உங்களுக்குத்தான் வயசே ஆகலையே."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். மாமாவின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தாள். எனக்கும் அதே நேரத்தில்தான் பொறி தட்டியது.

வீடு வந்ததும் அக்கா மேலே போகவில்லை. பட்டறைக்குள் நுழைந்து, பலகையின் மேல் கிடந்த சைடு கண்ணாடியை எடுத்தாள். ஒரு வண்டியின் பானெட்டின் மேல் அதை மல்லாத்தி வைத்தாள்.

"இங்க வாங்க. குனிங்க."

"எதுக்கு?"

"குனிங்கங்கிறேன்ல."

மாமா குனிந்தார். நிமிரவில்லை. சிறிது நேரம் கழித்துத் தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்தவரும் மீசையைத் தொட்டார்.

"யாரு இது?"

"உங்க அப்பா மாதிரி இல்ல?"

"எங்க அப்பாவுக்கு இவ்வளவு இல்ல." தாடைக்குக் கீழே கையை வைத்தார். "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"ரொம்ப நாளா இருக்குங்க. நீங்க மல்லாந்து படுத்தே குடும்பம் நடத்திட்டீங்க."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ குடிக்காமலே வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஆனால் வியாழக்கிழமை அப்படியேதான் இருந்தது. புதன்கிழமை நான் கடைக்குப் போனபோது அவள் பிடிவாதத்தில் இருப்பது தெரிந்தது. கவுண்டரை விறைப்பாக நின்று, கையை மட்டும் நீட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில சீக்கிரம் எழுந்திரு," என்றாள். "கவுண்டர் ஒரு பக்கம் ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போகட்டும். அக்கான்னு கூப்பிட்டது கவுண்டர் இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. உள்ளே வந்தவள் கையில் பிரவுன் நிறக் கூலிங் கிளாஸ். முகம் இஸ்திரி போட்ட மாதிரி. அக்கா சொல்லாமலே எனக்கு ஆள் தெரிந்தது. நான் ஷட்டர் கம்பியைத் துடைப்பதுபோல ஒதுங்கினேன்.

"இது வழுக்கிட்டே இருக்கு. கொஞ்சம் டைட் பண்ணணும்," என்றாள் குச்சி.

அக்கா வாங்கிக்கொண்டு குறட்டை எடுத்தாள். குச்சி அதுவரை கவுண்டரில் அடுக்கியிருந்த ஃப்ரேம்களைப் பார்ப்போம் என்று குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு விரல்கள் தானாக எழுந்து காதுக்கு முன்னால் போயின. தோலை மேலே இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள்.

அக்கா குறட்டைக் கீழே வைத்தாள். ஃப்ரேம் வைக்கும் வெல்வெட் தட்டு ஒன்றை எடுத்து, குச்சியின் முகத்துக்கும் கவுண்டருக்கும் நடுவில் மெதுவாக நகர்த்தினாள். கண்ணாடி மறைந்தது.

"அதைப் பாக்காதீங்க அக்கா. அது எல்லாரையும் அப்படித்தான் காட்டும்."

குச்சி வெடுக்கென்று நிமிர்ந்தாள். அக்காவைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள். பிறகு கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

"பழிக்குப் பழியாடி பன்னு?"

"தெரியுமா உனக்கு?"

"அன்னைக்கே தெரியும். இந்தக் கன்னத்தை எங்க பாத்தாலும் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அக்கான்னே?"

குச்சி கவுண்டரின் ஓரத்தைச் சுரண்டினாள். "நீ என் முகத்தையே பாத்துட்டு நின்னே. என்ன பண்ணிக்கிட்டேன்னு கேட்டுடுவியோன்னு பயந்துட்டேன். அக்கான்னு சொன்னா அடையாளம் தெரியலேன்னு நினைச்சுப்பே. அதான் சொல்லிட்டு ஓடிட்டேன்."

"அப்ப என்னதான்டி பண்ணிக்கிட்டே?"

"நூல் போட்டேன். கரைஞ்சிருச்சு. கன்னத்துக்கு ஊசி போட்டு நிரப்பினேன். அதுவும் கரையுது. கரையக் கரையப் போடணுமாம்." இரண்டு கன்னங்களையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "என்னைப் பாத்துச் சிரிக்காத. அந்த டாக்டர் எப்படி வேணும்னு கேட்டார். நான் உன் பழைய போட்டோதான் காட்டினேன். ஸ்கூல் குரூப் போட்டோ. இந்தப் பொண்ணு கன்னம் மாதிரி வேணும்னு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் கம்பியை இன்னும் தீவிரமாகத் துடைத்தேன்.

"குச்சி, நாளைக்குக் காலையில இதை எடுத்து வெளிய போடறாங்கடி," என்றாள், தன் கன்னத்தைத் தொட்டபடி. "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்திருப்பேன்."

குச்சிக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பைத்தியமாடி உனக்கு?"

"உனக்கு?"

அக்கா கூலிங் கிளாஸை எடுத்து, மூக்குப் பட்டன்களை நெருக்கி, குச்சியின் முகத்தில் போட்டுவிட்டாள். நிற்கும் கண்ணாடியை அவள் முன்னால் நேராக வைத்தாள்.

"சிரி."

குச்சி சிரித்தாள். ஃப்ரேம் நகரவில்லை.

"இப்ப வழுக்காது. கன்னம் கரைஞ்சா மறுபடி வா, மாத்தித் தரேன்."

பிறகு கைபேசியை எடுத்து எண்ணைத் தேடினாள். ஆலோசகர் உடனே எடுத்திருக்க வேண்டும். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் பாதி மட்டும் கேட்டது.

"ஆமா, நாளைக்கு வர்றதா இருந்தது. வரல... இல்லம்மா, வேற தேதி வேண்டாம். சலுகையும் வேண்டாம்... காரணமா?" குச்சியைப் பார்த்தாள். "பல் டாக்டர் பாத்தார். எதையும் எடுக்க வேண்டாம்னுட்டார்."

அந்தப் பக்கம் குழம்பியிருக்க வேண்டும். அக்கா வைத்துவிட்டாள். அன்று ஷட்டரை நான் இழுக்க வெகுநேரம் ஆனது. உள்ளே இரண்டு பேரும் கவுண்டரின் மேல் ஒன்றாகக் குனிந்து, யார் முகம் அதிகம் தொங்குகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா திருந்திவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். சன்ஸ்கிரீன் வாங்கியிருக்கிறாள். அந்தச் சூடு வைக்கும் மெஷினைப் பற்றி இன்னும் யோசிக்கிறாள். கரண்டியின் முதுகை இப்போதும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குழம்பில் விடுகிறாள். கவுண்டரின் மேல் அவள் நிற்கும் இடத்தில் மட்டும் வெல்வெட் விரித்திருக்கிறாள். முதலாளி கேட்டால் கீறல் விழும் என்கிறாள்.

மறுநாள் காலை, அந்த வியாழக்கிழமை, நான் பட்டறைப் பக்கம் இறங்கினேன். வண்டிக்கு அடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சைடு கண்ணாடியைக் காணோம். வயதைப் பற்றி எந்த வசனமும் வரவில்லை. நான் கடந்து போகும்வரை ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மச்சான்," என்றன கால்கள், மெல்ல. "அந்த டாக்டர் அம்மா, ஆம்பளைங்களுக்கும் பாப்பாங்களா?"